'கோ' என்ற ஆங்கில வினை இடறும் இடங்கள்: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

ஆங்கிலத்தில் 'கோ' என்ற வினையைப் பள்ளியில் சேர்ந்த ஆண்டிலேயே கற்றுவிடுகிறோம். ஆனாலும், பல்லாண்டு காலம் ஆங்கிலத்தில் கடிதமும் அறிக்கையும் எழுதிப் பழகியவர்களின் எழுத்தில்கூடக் கடைசிவரை விலகாமல் தங்கியிருக்கும் பிழைகளில் பெரும்பங்கு, இந்த வினையை அடுத்து வரும் 'டு', 'ஃபார்', 'ஆன்', 'ஆஃப்' போன்ற சிறு முன்னிடைச்சொற்களில் இருப்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். தாய்மொழியின் இலக்கணம் நமக்குள் ஆழமாக வேரூன்றியிருப்பதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து.

தமிழில் 'போ' என்ற வினைக்கு முன்னால் பெரும்பாலும் ஒரே உருபு வந்து நிற்கிறது. கடைக்குப் போகிறோம், வேலைக்குப் போகிறோம், கல்யாணத்துக்குப் போகிறோம், சுற்றுலாவுக்குப் போகிறோம். சேரும் இடம், போகும் நோக்கம், கலந்துகொள்ளும் நிகழ்ச்சி ஆகிய எல்லாவற்றையும் நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' தாங்கிக்கொள்கிறது. நன்னூல் இந்த உருபுக்குக் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று ஏழு பொருள்களைச் சொல்லி, 'ஆதி' என்ற சொல்லால் மேலும் இடம் விட்டு வைத்திருக்கிறது. இத்தனை பொருளைச் சுமக்கும் ஓர் உருபை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குச் செல்லும்போது, அங்கே அந்தச் சுமையைப் பல சொற்கள் பங்கிட்டுக்கொண்டிருப்பது நம் கண்ணில் படுவதில்லை. ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும், பிழையான ஆங்கிலத் தொடரை மட்டும் பார்க்காமல், அதை எழுதியபோது மனத்தில் ஓடிய தமிழ்த் தொடரையும் சேர்த்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பழுதின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அறிகுறி: 'ஐ வென்ட் டு ஹோம்', 'ஹி வென்ட் டு அப்ராட்'

'வீட்டுக்கு', 'வெளிநாட்டுக்கு' என்று உருபோடு நினைத்ததால் 'டு' தானாக வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் இந்தச் சொற்களுக்குள் திசைக்குறிப்பு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் வழக்கில் இருந்தன. 'ஹோம்' என்பதன் மூலச்சொல் அக்காலத்தில் இரண்டாம் வேற்றுமை வடிவிலேயே நின்று 'வீடு நோக்கி' என்ற பொருளைத் தந்தது. தமிழில் 'வீடு போய்ச் சேர்ந்தான்' என்று உருபில்லாமல் சொல்கிறோமே, ஏறத்தாழ அதைப் போன்றது இது. 'அப்ராட்' என்பதன் முதலில் உள்ள 'அ' என்ற எழுத்து 'ஆன்' என்ற பழைய முன்னிடைச்சொல்லின் தேய்ந்த வடிவம். அதற்கு முன்னால் 'டு' போடுவது, 'வெளிநாட்டுக்குக்கு' என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

திருத்தம் எளிது: 'ஐ வென்ட் ஹோம்', 'ஹி வென்ட் அப்ராட்'. 'ஹியர்', 'தேர்', 'அப்ஸ்டேர்ஸ்', 'டவுன்ஸ்டேர்ஸ்', 'ஓவர்சீஸ்' ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் உண்டு. 'ஹோம்' என்ற சொல்லுக்கு முன்னால் உடையவரின் குறிப்பு வந்தால் அது சாதாரணப் பெயர்ச்சொல்லாகிவிடும். அப்போது 'டு' வேண்டும்: 'ஐ வென்ட் டு மை சிஸ்டர்ஸ் ஹோம்'. மேலும், விலக்கப்படுவது 'டு' மட்டுமே. 'ஃப்ரம் ஹோம்', 'ஃப்ரம் அப்ராட்' என்பவை சரியான தொடர்கள்.

அறிகுறி: 'வி வென்ட் டு ஷாப்பிங்'

ஷாப்பிங், ஸ்விம்மிங், ஃபிஷிங், டான்ஸிங் போன்ற வெளிச்செயல்களையும் பொழுதுபோக்குகளையும் 'கோ' என்ற வினை நேரடியாகவே ஏற்கும்: 'வி வென்ட் ஷாப்பிங்'. இதை எடுத்துச் சொன்னால் பலரும் உடனே திருத்திக்கொள்வார்கள். ஆனால் இதன் வால் போல இன்னொரு பிழை தொடர்வதைக் கவனிப்பவர்கள் குறைவு. தி.நகருக்கு ஷாப்பிங் போனோம் என்று நினைத்து, 'வி வென்ட் ஷாப்பிங் டு தி.நகர்' என்று எழுதிவிடுகிறோம். தமிழில் 'தி.நகருக்கு' என்பது 'போனோம்' என்ற வினையோடு முடிகிறது. ஆங்கிலத் தொடரிலோ, இடம் 'ஷாப்பிங்' என்ற செயலைச் சார்ந்து நிற்கிறது; கடை கடையாக ஏறி இறங்கியது அந்த இடத்தில் நடந்தது. ஆகவே 'வி வென்ட் ஷாப்பிங் இன் தி.நகர்' என்பதே சரி. ஆற்றுக்குக் குளிக்கப் போனதைச் சொல்லும்போதும் 'வென்ட் ஸ்விம்மிங் இன் த ரிவர்' என்று எழுத வேண்டும். இடத்தின் முன்னிடைச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், செயல் எங்கே நடந்தது என்று தமிழில் ஒரு முறை கேட்டுக்கொண்டு, 'தி.நகரில்' என்ற விடையை மொழிபெயர்த்தால் இந்தப் பிழை வராது.

அறிகுறி: 'டு', 'ஃபார்', 'ஆன்' மூன்றும் இடம் மாறி வருகின்றன

'ஐ கோ ஃபார் ஜாப் டெய்லி', 'ஐ ஆம் கோயிங் ஃபார் மேரேஜ்', 'வி வென்ட் ஃபார் டூர்' ஆகிய மூன்றும் ஒரே பழுதின் மூன்று வடிவங்கள். நோக்கத்தைக் குறிக்கும் 'கு' மனத்தில் முந்திக்கொள்வதால், 'பொருட்டு' என்ற பொருளுடைய 'ஃபார்' கைக்கு வந்துவிடுகிறது.

சோதித்துப் பார்க்கும் முறை இது. போய்ச் சேரும் இடமாகவோ, போய்க் கலந்துகொள்ளும் நிகழ்ச்சியாகவோ இருந்தால் 'டு' வேண்டும்: 'கோ டு வொர்க்', 'கோ டு அ வெட்டிங்', 'கோ டு த டாக்டர்'. போய்ச் செய்யும் சிறு செயலாக இருந்தால் 'ஃபார்' பொருந்தும்: 'கோ ஃபார் அ வாக்', 'கோ ஃபார் அ ஸ்விம்', 'கோ ஃபார் லஞ்ச்'. ஒருவர் சில நாள்களுக்கோ சில மணி நேரத்துக்கோ ஒரு பயணத்துக்குள்ளோ ஒரு நிலைக்குள்ளோ புகுந்து, பிறகு அதிலிருந்து வெளிவருவதாக இருந்தால் 'ஆன்' வரும்: 'கோ ஆன் அ டூர்', 'கோ ஆன் அ பில்கிரிமேஜ்', 'கோ ஆன் லீவ்', 'கோ ஆன் ஸ்ட்ரைக்'.

இந்தப் பிழையை நான் சிறிதாக எண்ணாததற்குக் காரணம் உண்டு. 'ஃபார்' தவறான இடத்தில் அமர்ந்தால் தொடர் வெறுமனே இலக்கணம் பிறழ்வதோடு நிற்காது. வேறு பொருளைத் தந்துவிடும். 'கோயிங் ஃபார் த ஜாப்' என்றால் அந்த வேலையைப் பெற முயல்வதாகப் பொருள். பத்தாண்டாக ஓர் அலுவலகத்தில் பணிபுரிபவர் இப்படி எழுதினால், படிப்பவர் அவரை வேலை தேடுபவராக எண்ணக்கூடும். 'வென்ட் ஃபார் த டாக்டர்' என்றால் மருத்துவரை அழைத்துவரப் போனதாகப் பொருள். அதே தொடரில் நாயை எழுவாயாக வைத்து, 'த டாக் வென்ட் ஃபார் த போஸ்ட்மேன்' என்றால், நாய் தபால்காரர்மீது பாய்ந்தது என்று ஆகிறது.

இதோடு சேர்ந்து வரும் சிறு பழுது ஒன்று: 'டு' சரியாக இருந்தும் அதன் பின் 'த' வர வேண்டுமா, கூடாதா என்ற ஐயம். 'கோ டு ஸ்கூல்', 'கோ டு பெட்' போன்றவற்றில் இடத்தைவிட அங்கே வழக்கமாக நடப்பதே பொருள். மாணவர் படிக்கப் போகிறார். பெற்றோர் ஆசிரியரைப் பார்க்கப் போனால் 'கோ டு த ஸ்கூல்' என்று ஆகும். வங்கி, கோயில், அலுவலகம் ஆகியவற்றுக்குப் பொதுவாக 'த' சேர்த்து எழுதுவதே பாதுகாப்பானது.

அறிகுறி: 'ஐ வென்ட் பை மை கார்', 'ஐ கேன் கோ பை வாக்'

'பை' என்பதற்குப் பின் ஊர்தியின் வகைப்பெயர் வெறுமனே வர வேண்டும்: 'பை கார்', 'பை பஸ்'. 'மை', 'அ', 'ஹிஸ்' போன்றவை சேர்ந்துவிட்டால் 'பை' விலகிவிடும். காரிலும் ஆட்டோவிலும் 'இன்', பேருந்திலும் ரயிலிலும் விமானத்திலும் சைக்கிளிலும் 'ஆன்' வரும். நேரத்தைச் சொல்லிக் குறிக்கும் வண்டிக்கு மட்டும் 'பை த 6.30 ட்ரெயின்' என்று சொல்லும் வழக்கம் உண்டு. நடந்து போவதற்கு 'ஆன் ஃபுட்' என்று எழுத வேண்டும்; அல்லது 'கோ' என்ற வினையையே விட்டுவிட்டு 'ஐ கேன் வாக்' என்று முடிப்பது இன்னும் இயல்பானது.

அறிகுறி: 'ஐ ஹேவ் கான் டு சிங்கப்பூர்' என்று சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்தவர் எழுதுகிறார்

தமிழில் 'போயிருக்கிறார்' என்ற ஒரே வடிவம் இரண்டு நிலைகளைக் குறிக்கும். அப்பா டெல்லிக்குப் போயிருக்கிறார் என்றால் அவர் இப்போது வீட்டில் இல்லை. நான் டெல்லிக்குப் போயிருக்கிறேன் என்றால் முன்பு எப்போதோ போய்த் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. சூழலை வைத்து நாம் வேறுபாட்டைப் புரிந்துகொள்கிறோம்.

ஆங்கிலம் இந்த இரண்டையும் வினையிலேயே பிரித்துவிடுகிறது. போனவர் இன்னும் திரும்பவில்லை என்றால் 'ஹேஸ் கான் டு'. போய் வந்த அனுபவம் என்றால் 'ஹேஸ் பீன் டு'. எதிரில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பவர் 'ஐ ஹேவ் கான் டு சிங்கப்பூர்' என்றால், அவர் இங்கே இல்லை என்று அவரே சொல்வதாகிவிடும். 'பீன்' என்ற சொல்லுக்குப் பின் திசையைக் காட்டும் 'டு' வருவது விந்தையாகத் தோன்றினாலும், போய் வந்ததைச் சொல்லும் இந்தத் தொடரில் அதுவே முறை. 'பீன் இன் சிங்கப்பூர்' என்றால் அங்கே தங்கியிருந்த காலத்தின்மீது பார்வை திரும்பும்.

அறிகுறி: 'ஆஃப்' வந்த தொடருக்கு நேர்மாறாகப் பொருள் கொள்கிறோம்

எல்லா அறிகுறிகளிலும் மிகவும் கவனம் வேண்டியது இதுவே என்று கருதுகிறேன். தீ எச்சரிக்கைக் கருவிகளின் அருகே 'இஃப் தி அலாரம் கோஸ் ஆஃப், லீவ் த பில்டிங்' என்ற வகையில் அறிவிப்பு இருப்பதைப் பார்க்கலாம். மணி ஒலித்தால் உடனே வெளியேறுங்கள் என்பது அதன் பொருள். நம்மில் பலர் அதை, மணி நின்ற பிறகு வெளியேறுங்கள் என்று படித்துவிடுகிறோம். உயிரைக் காக்க எழுதப்பட்ட வாக்கியம் நேர்மாறாகப் புரிந்துகொள்ளப்படுவதை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது? சுவிட்சில் 'ஆஃப்' என்ற சொல்லை அணைந்த நிலைக்கு உரியதாகப் பார்த்துப் பழகியிருக்கிறோம். அத்துடன் தமிழின் 'போ' என்ற வினை, துணைவினையாகும்போதும் தனித்து நிற்கும்போதும் இழப்பின் பக்கம் சாய்கிறது. பால் கெட்டுப்போகிறது, பெயர் மறந்துபோகிறது, மின்சாரம் போய்விடுகிறது, உயிர் போகிறது. எனவே 'கோ' என்பதும் 'ஆஃப்' என்பதும் சேர்ந்தால் ஏதோ ஒன்று நின்றுபோனது என்று மனம் முடிவு செய்துவிடுகிறது.

இதைத் திருத்த நான் கைக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. 'ஆஃப்' என்பதை 'அணைந்து' என்று மொழிபெயர்க்காமல், 'பிடியிலிருந்து விலகி' என்று வைத்துக்கொண்டு, இந்தப் பொருள் எந்தப் பிடியில் இருந்தது என்று கேட்க வேண்டும். அலாரம், துப்பாக்கி, வெடிகுண்டு, பட்டாசு ஆகியவை செயல்படக் காத்திருக்கும்படி இழுத்துப் பிடித்து வைக்கப்பட்டவை. பிடி விலகினால் அலாரம் ஒலிக்கும், துப்பாக்கி சுடும், குண்டு வெடிக்கும். இவை எல்லாவற்றுக்கும் 'வென்ட் ஆஃப்' என்பதே சொல். விளக்கோ மின்னிணைப்பின் பிடியில் ஒளிர்வது. அந்தப் பிடி விலகினால் அது அணையும்: 'த லைட்ஸ் வென்ட் ஆஃப்'. பால் தன் நல்ல நிலையிலிருந்து விலகினால் கெட்டுப்போகும்; பிரிட்டிஷ் வழக்கில் அதற்கும் 'த மில்க் ஹேஸ் கான் ஆஃப்' என்பார்கள், அமெரிக்கர் 'கான் பேட்' என்பார்கள். ஒரு காலத்தில் விரும்பிய காப்பி பிடிக்காமல் போனால், 'ஐ ஹேவ் கான் ஆஃப் காஃபி' என்பதும் பிரிட்டிஷ் வழக்கே. 'ஹி வென்ட் ஆஃப் டு மதுரை' என்றால் இங்கிருந்து விலகி மதுரைக்குப் புறப்பட்டார் என்று பொருள். 'த வெட்டிங் வென்ட் ஆஃப் வெல்' என்ற தொடர் மட்டும் இந்த விளக்கத்துக்கு அவ்வளவாக வளைந்துகொடுப்பதில்லை. திருமணம் நல்லபடியாக நடந்தேறியது என்ற அதன் பொருளை அப்படியே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நீங்கள் எழுதும்போது ஐயம் வந்தால் மாற்றுச்சொல்லைப் பயன்படுத்துங்கள். அலாரம் ஒலித்தது என்றால் 'ரேங்', நின்றது என்றால் 'ஸ்டாப்ட்' என்று எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை. எண்ணெய் விளக்கும் மெழுகுவத்தியும் அடுப்புத் தீயும் அணைவதற்கு 'வென்ட் அவுட்' என்று எழுத வேண்டும். மின்விளக்குக்கு 'ஆஃப்', 'அவுட்' இரண்டும் வழங்குகின்றன.

அறிகுறி: 'வென்ட் ஆன்' என்பதன் பின் வரும் வினையின் வடிவம் பொருளை மாற்றுகிறது

'ஷி வென்ட் ஆன் ஸ்டடியிங் லா' என்றால், அவர் படித்துக்கொண்டிருந்த சட்டப் படிப்பை விடாமல் தொடர்ந்தார். 'ஷி வென்ட் ஆன் டு ஸ்டடி லா' என்றால், முன்பு வேறொன்றை முடித்து, அடுத்ததாகச் சட்டம் படித்தார். வாழ்க்கைக் குறிப்புகளையும் வேலை விண்ணப்பங்களையும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது இந்த வேறுபாடு பெரிதும் உதவும். தமிழில் 'தொடர்ந்து' என்ற சொல் 'விடாமல்' என்றும் 'அதற்கு அடுத்து' என்றும் இரண்டு பொருளில் வழங்குவதால் பழுது நேர்கிறது. எழுதுவதற்கு முன் தமிழ்த் தொடரில் 'தொடர்ந்து' என்பதை நீக்கிவிட்டு, 'விடாமல்', 'அடுத்து' என்ற இரண்டில் எது பொருந்துகிறது என்று வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: 'ப்ளீஸ் கோ இட் த்ரூ'

'ஸ்விட்ச் இட் ஆஃப்', 'புட் இட் ஆன்' என்று பழகியவர்கள் அதே அச்சில் இதையும் வார்த்துவிடுகிறார்கள். 'ஸ்விட்ச்', 'புட்' ஆகியவை செயப்படுபொருள் குன்றாத வினைகள். பொருளை நேராகப் பற்றிக்கொள்ளும் வலிமை அவற்றுக்கு உண்டு. 'கோ' இந்த வழக்குகளில் செயப்படுபொருள் குன்றிய வினை. அது எதையும் நேராகப் பற்றாது; பின்னால் வரும் பெயரைத் தாங்குவது முன்னிடைச்சொல்லே. எனவே பதிலிப்பெயர் முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால்தான் வரும்: 'கோ த்ரூ இட்', 'கோ ஓவர் இட்', 'கோ இன்டு இட்'. 'ஐ வென்ட் ஆஃப் த லைட்' என்று விளக்கை அணைத்ததைச் சொல்ல முடியாததற்கும் இதுவே காரணம். விளக்கு தானே 'கோஸ் ஆஃப்'. நாம் அதை 'ஸ்விட்ச் ஆஃப்' செய்கிறோம்.

அறிகுறி: 'த்ரூ', 'ஓவர்', 'பேக்' வரும்போது பொருள் நழுவுகிறது

'த்ரூ' என்பதற்கு ஒரு முனையில் புகுந்து மறுமுனையில் வெளியேறும் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டால், அதன் பல பொருள்களும் பிடிபடும். கணக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பதும், துன்பக் காலத்தைக் கடந்து வருவதும், அனுப்பிய பணம் தடையின்றி மறுபுறம் சேர்வதும் 'கோ த்ரூ' என்ற தொடரில் அடங்கும். 'த பேமென்ட் டிட் நாட் கோ த்ரூ' என்றால் பணம் போய்ச் சேரவில்லை. அதனுடன் 'வித்' சேர்ந்து 'கோ த்ரூ வித்' என்றால், தயக்கம் இருந்தும் எடுத்த முடிவை நிறைவேற்றுதல்.

'கோ ஓவர்' என்பதை 'மேலோட்டமாகப் பார்த்தல்' என்று சிலர் கொள்கிறார்கள். உண்மையில் அது ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பதைக் குறிக்கும். 'ப்ளீஸ் கோ ஓவர் த டிராஃப்ட்' என்று மேலதிகாரி எழுதியிருந்தால், மேலோட்டமாகப் புரட்டிவிட்டுத் திருப்பி அனுப்புவது அவர் கேட்டதற்கு மாறானது.

'கோ பேக் டு' என்பது காலத்திலும் பின்னே செல்லும். தஞ்சைப் பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதை 'த பிக் டெம்பிள் கோஸ் பேக் டு 1010' என்று நிகழ்காலத்தில் எழுத வேண்டும். கோயில் இன்றும் நிற்பதால் 'வென்ட்' என்று எழுதினால் பிழை. 'டு' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆன்' வந்தால் பொருள் முற்றிலும் மாறும்: 'ஹி வென்ட் பேக் ஆன் ஹிஸ் வேர்ட்' என்றால் கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கிவிட்டார்.

ஒரு கடிதத்தில் வைத்துப் பார்ப்போம்

விடுப்புக் கடிதங்களில் அடிக்கடி காணும் வகையில் இரண்டு வாக்கியங்களை இங்கே அமைத்திருக்கிறேன்: 'டுமாரோ ஐ ஆம் கோயிங் டு மை நேட்டிவ் பை மை கார் ஃபார் மை கசின்ஸ் மேரேஜ். ஆன் சண்டே ஐ வில் கோ டு ஹோம் அண்ட் ஆன் மண்டே ஐ வில் கோ ஃபார் ஆஃபிஸ்.'

முதல் 'டு' சரி. ஊர் என்பது சேரும் இடம். 'நேட்டிவ்' என்பது தனித்து நின்று ஊரைக் குறிக்காது; 'ஹோம் டவுன்' என்று மாற்ற வேண்டும். 'பை மை கார்' என்பதில் 'மை' வந்துவிட்டதால் 'பை' விலகி 'இன்' வரும். அடுத்து வரும் 'ஃபார்' என்ற சொல்லை மேலே சொன்ன விதியை நினைத்து அவசரமாக 'டு' என்று மாற்றிவிடக் கூடாது. சேரும் இடம் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டதால், இங்கே திருமணம் போவதற்கான காரணமாக நிற்கிறது. ஆகவே அந்த 'ஃபார்' இருக்கட்டும். 'மேரேஜ்' மட்டும் 'வெட்டிங்' ஆகட்டும். 'டு ஹோம்' என்பதில் 'டு' நீங்கும். கடைசியில் உள்ள 'ஃபார் ஆஃபிஸ்' என்பதில் அலுவலகம் சேரும் இடம். எனவே 'டு தி ஆஃபிஸ்' என்று வரும். திங்களன்று திரும்பவும் பணிக்குச் செல்வதால் 'பேக்' சேர்ப்பது பொருளைத் தெளிவாக்கும்.

திருத்திய வடிவம்: 'டுமாரோ ஐ ஆம் கோயிங் டு மை ஹோம் டவுன் இன் மை கார் ஃபார் மை கசின்ஸ் வெட்டிங். ஆன் சண்டே ஐ வில் கோ ஹோம் அண்ட் ஆன் மண்டே ஐ வில் கோ பேக் டு தி ஆஃபிஸ்.'